ஊட்டுக்காரர் கையெழுத்து

"ஒரே ஒரு கையெழுத்து, அப்புறம் உங்க பான் நம்பர். குடுத்தீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன்."

வெண்ணிலா தாளை நீட்டினாள். போர்வெல் லாரிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்த மாதேஸ்வரன், எழுந்த வேகத்தில் நெற்றியை இடித்துக்கொண்டான். மூன்று வருஷம் கழித்துப் பெண்டாட்டி எதிரில் வந்து நின்றால் எந்த மனுஷன்தான் நிதானமாக எழுந்திருப்பான்?

வருஷத்தில் எட்டு மாதம் வண்டியோடு வடக்கே போய்விடுகிற ஆளோடு குடும்பம் நடத்த முடியாது என்று சேந்தமங்கலத்தை விட்டுத் திருச்செங்கோட்டுக்கு வந்துவிட்டவள் அவள். கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கிடையாது என்று ஆறு இடத்தில் கையை விரித்தார்கள். பிறகு பாவாயி அக்கா என்ற மகராசி, தானே கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

அவராக வந்து கூப்பிடட்டும் என்று வெண்ணிலா இருந்தாள். அவளாக வரட்டும் என்று மாதேஸ்வரன் இருந்தான். விவாகரத்துப் பேச்சை மட்டும் இருவருமே எடுக்கவில்லை. எடுத்தால் நேரில் பார்த்துப் பேச வேண்டியிருக்குமே!

அந்த வீம்பைக் கெடுத்தது வருமான வரி. சம்பளத்தில் பிடித்ததில் பதினோராயிரம் திரும்ப வரும் என்றாள் ஆடிட்டர் ஆபீஸ் பிரவீனா. கூடவே ஒரு தாளைக் கொடுத்து, "இதுல ஊட்டுக்காரர் கையெழுத்து வேணுங்க்கா, பான் நம்பரும்" என்றாள். அதற்கு மேல் வெண்ணிலாவின் காதில் எதுவும் ஏறவில்லை. தாளைப் படிக்கக்கூட இல்லை. நாலாக மடித்துப் பையில் திணித்தாள். சம்பாதிக்கிறது நான், கையெழுத்துப் போடுவது அவரா என்று சேந்தமங்கலம் வரை பஸ்ஸில் பொருமிக்கொண்டே வந்தாள்.

மாதேஸ்வரன் கையைத் துடைத்துக்கொண்டு தாளை முழுசாகப் படித்தான். முகம் வெளுத்துவிட்டது.

"இதுல நாந்தான் போடோணும்னு உனக்கு ஆரு சொன்னது?"

"ஆடிட்டர் ஆபீஸ்ல. ஊருக்கே தெரிஞ்ச சங்கதிதானுங்க. மறைச்சு வெக்கறதுக்கு என்ன இருக்குது?"

"ஊருக்கே தெரியுமா?" பக்கத்தில் கிடந்த டயரில் உட்கார்ந்துவிட்டான். "நானே சொல்லோணும்னுதான் மூணு வருசமா நெனச்சுட்டு இருந்தேன். பயமா இருந்துச்சு. உனக்குக் கோவமில்லியா?"

"கோவப்பட்டு என்ன பண்றதுங்க? சட்டப்படி நீங்கதானே."

சொன்ன பிறகுதான், குரல் இவ்வளவு சாந்தமாக வந்தது அவளுக்கே உறைத்தது. அவன் நெற்றி புடைத்திருந்தது. தேய்த்துவிடக் கை பரபரத்தது. பையின் வாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இந்த முகத்தை எட்டு மாதம் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றுதான் சண்டையே போட்டாள். அதைச் சொல்லத் தெரியாமல் வேறு என்னென்னவோ சொல்லித் தொலைத்துவிட்டாள்.

ஒரு இடத்தில் கேட்ட கையெழுத்தை மூன்று இடத்தில் போட்டுக் கொடுத்தான். டீ வாங்கி வந்தான். இரண்டு டீ குடித்தாள். பஸ் ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் நின்று, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வருவதாகச் சொன்னான். வாங்க என்று அவள் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று நாமக்கல் வருவதற்குள் நாலு தடவை எண்ணிவிட்டாள்.

மறுநாள் தாளைப் பார்த்த பிரவீனா, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, நான் கேட்டது உங்க ஊட்டுக்காரரை இல்லீங்க. நீங்க குடியிருக்கற ஊட்டுக்குச் சொந்தக்காரரை! இது வாடகை ரசீதுங்க்கா."

வெண்ணிலாவுக்குக் காது மடல் வரை சூடேறியது. சாக்கு தேடிக்கொண்டு வந்தாள் என்றுதானே நினைத்திருப்பார்? மூன்று வருஷ மானம் ஒரே நாளில் கப்பலேறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வரட்டும், கதவையே திறக்கப் போவதில்லை.

தாளைப் பிடுங்கிக் கிழிக்கப் போனாள். பிரவீனா பிடித்துக்கொண்டு, ஓனர் பெயர் என்ன என்று கேட்டாள். வெண்ணிலாவுக்குத் தெரியவில்லை. ஓனர் வெளியூராம், வாடகையைப் பாவாயி அக்காதான் வாங்கிப் போகிறாள்.

"கதவு நம்பர் சொல்லுங்க. நகராட்சி வரிக் கணக்குல பேரு வந்துரும்."

கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்த பிரவீனாவின் சிரிப்பு நின்றுவிட்டது. திரையைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"கிழிச்சுப் போடாதீங்க்கா. ஓனர் பேரு மாதேஸ்வரன், அப்பா பேரு சின்னண்ணன், ஊடு வாங்கி மூணு வருசமாச்சு. நீங்க சரியான ஊட்டுக்காரர்கிட்டத்தான் கையெழுத்து வாங்கிட்டு வந்திருக்கீங்க!"