நாற்பத்தொன்றாவது டிரே

புதுச்சத்திரத்தில் நான் வேலை பார்க்கும், போர்வெல் போடும் ரிக் லாரிகளுக்கான உதிரிபாகக் கிடங்கின் கன்வேயர் பெல்ட்டில் நாற்பது டிரேக்கள்தான். தினமும் பதினொரு மணிக்கு நாற்பத்தொன்று வரும். கூடுதல் டிரேயில் ஒரு பேரிங், பனியன் துணியில் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்டிருக்கும். அதற்கான ஆர்டர் பிறகுதான் வரும்.

பத்தொன்பது வருடம் ரேக்கிலிருந்து சாமான் எடுத்துக் கொடுத்த பொன்னாயி அக்கா அப்படித்தான் முடிச்சுப் போடுவார். பெல்ட் வந்த மாதம் இறந்துபோனார்.

"பேய் ஓட்டற பெல்ட்டுன்னு ஊரே சிரிக்கும் அம்மிணி. அந்த டிரேவ ஒடச்சுப் போடு. இல்லீன்னா நாளைக்கு வராத," என்றார் மேனேஜர் இளவழகன்.

"மாட்டேனுங்க."

அந்த டிரேயில் 'பொன்னாயி' என்று எழுதி, அவர் எதிரிலேயே பெல்ட்டில் வைத்தேன்.

மறுநாளும் வேலைக்குப் போனேன். நாற்பத்திரண்டு டிரேக்கள் வந்தன. கடைசி டிரேயில் நான் எழுதாத என் பெயர், என் கையெழுத்திலேயே இருந்தது. இளவழகன் பின்வாங்கினார். நான் அதில் அடுத்த ஆர்டருக்கான சாமானை வைத்தேன்.