முழங்கால் சேறு

விசாரணை அதிகாரியின் அறைவாசலில் காத்திருந்தபோதே தாவரவியல் பேராசிரியரின் மனைவி கதவிலிருந்த பெயரைப் படித்துவிட்டார். ஊரின் சதுப்பு நிலத்தைத் தூர்த்துக் கிடங்கு கட்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. அதைத் தடுக்க, ஓய்வுபெற்ற நாள்முதல் கணவர் அலைந்த அலைச்சலுக்கு இன்றுதான் முடிவு.

“பெயர்ப்பலகையைப் பார்த்தீங்களா? உங்க பழைய மாணவன். ரெண்டு தடவை பெயிலாக்கினீங்களே, அவன்!”

“பெயிலாகிற மாதிரி எழுதினான்.”

“இதை உள்ள வந்து சொல்லித் தொலைக்காதீங்க.”

அதிகாரி விரைந்து வந்தார். கால்சட்டையில் முழங்கால்வரை சேறு. நிறுவனத்தாரோடு இடம் பார்த்துவிட்டு வருகிறார் என்று நினைத்த அந்த அம்மாள், “போச்சு” என்று முணுமுணுத்தார்.

உள்ளே அதிகாரி நிறுவனத்தின் ஆய்வறிக்கையைப் புரட்டினார். “தண்ணி இல்ல, பறவை இல்ல, வெறும் காய்ஞ்ச தரைன்னு எழுதியிருக்காங்க, சார். ரொம்ப அழகான அறிக்கை.”

மனைவி கணவரின் கையை இறுகப் பற்றினார்.

“அழகா இருந்ததாலதான் சந்தேகம் வந்தது. காலையில தனியாப் போய் இறங்கினேன். இந்தக் கோடையிலயும் முழங்கால் தண்ணி. நாணல் முழுக்கக் கூடு. இதை எழுதினவர் அங்க காலே வச்சதில்ல. அனுமதி கிடையாது.”

சற்றுத் தயங்கியவர், குரலைத் தாழ்த்தினார்.

“களத்துக்குப் போகாம வீட்ல உட்கார்ந்து எழுதினா எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாதா, சார்? ரெண்டு தடவையும் அதுக்குத்தானே என்னைப் பெயிலாக்கினீங்க!”

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தச் சேற்றைப் பார்த்தார்.

“இந்தக் காலோட அன்னைக்கு வந்திருந்தா, முதல் தடவையே தேறியிருப்பேப்பா.”