சொல்ல விடாத முதலாளி

“யாரைக் கேட்டுடா சர்வர் செட்டிங்கை மாத்தினே?”

ஸ்ரீநிவாசராகவன் கத்திய கத்தலில் ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனே திரும்பிப் பார்த்திருக்கும். பஸ் டிக்கெட் புக்கிங் கம்பெனி முதலாளி. அன்று பத்து மணிக்குப் பொங்கல் டிக்கெட் திறக்க வேண்டும்.

“நான் தொடவே இல்ல சார்” என்றான் ஜாய்சன். போன மாதம்தான் கல்யாணம் ஆனவன்.

“நேத்து நைட் ஷிஃப்ட் நீதானே? லினக்ஸ் கெர்னல்ல நெட்வொர்க் நம்பர் அத்தனையும் மாறியிருக்கு. ஒரே நேரத்துல எத்தனை பேர் உள்ள வரலாங்கறதை நான் முடிவு பண்ணணும், நீயில்ல!”

அந்த ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. யார் மாற்றினார்கள் என்று சர்வருக்கே தெரியாது. அகப்பட்டவன் ஜாய்சன்.

“சார், அந்த செட்டிங் வந்து...” சீனியர் இன்ஜினியர் ரமா எழுந்தாள்.

“அவனுக்கு வக்காலத்து வாங்காதே! உக்காரு!”

“இல்ல சார், நான் சொல்ல வர்றது...”

“இன்னொரு வார்த்தை பேசினா நீயும் கிளம்பலாம்!”

ஜாய்சனுக்கு முகம் சிவந்துவிட்டது. “பண்ணாத தப்புக்கு நான் எதுக்கு சார் திட்டு வாங்கணும்?”

“திட்டு இல்லடா, வேலையே போச்சு. வெளியே போ!”

பையை எடுத்துக்கொண்டு விருட்டென்று போய்விட்டான். ரமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஒரு நிமிஷம் கேளுங்க சார்!”

“வாயை மூடு!”

மாற்றியிருந்த நம்பர்கள் இருந்த ஃபைலை முதலாளியே அழித்தார். சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

பத்து மணிக்குப் புக்கிங் திறந்தது. திறந்த வேகத்தில் படுத்தது. ஆபீஸ் போன்கள் மொத்தமும் அலறின.

“தாம்பரம் டு மதுரை, பத்து நிமிஷமா சுத்திக்கிட்டே இருக்கு. கம்பெனியா நடத்தறீங்க?”

முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. “அய்யய்யோ, கூட்டம் தாங்கத்தான் மாத்தியிருக்கானா? எந்த நம்பரும் ஞாபகமில்லையே!”

ஜாய்சனுக்கு அவரே போன் போட்டார். “மன்னிச்சுடுப்பா. என் மேலதான் தப்பு. வேலை உனக்குத்தான், உடனே வா!” அவன் ஏதோ சொல்ல வந்தான். அதையும் கேட்காமல் வைத்துவிட்டார்.

அதற்காகவே காத்திருந்தவள்போல் ரமா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

“அவன் நிதானமா வரட்டும் சார், அவனுக்கு இதுல ஒரு நம்பர்கூடத் தெரியாது. நேத்து சாயங்காலம் மாத்தினது நான். அதைத்தான் காலையிலேர்ந்து சொல்ல வந்தேன், விட்டீங்களா?”