பன்னிரண்டு லேபிள்

"பன்னெண்டு லேபிள் குறையுது. யாரு எடுத்தது?"

சூப்பர்வைசர் கேசவன் போட்ட சத்தத்தில் தையல் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. பக்கத்தில் முதலாளியம்மா மனோரமா நின்றிருந்தார். கேசவனுக்குத் தொண்டை பெரிதானதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழவேற்காட்டில் இருக்கும் அந்தக் கூடத்தில் லினன் துணியை மேஜை விரிப்பாகத் தைத்து, 'அயர்லாந்து லினன்' என்று லேபிள் வைத்து அனுப்புகிறார்கள். ஒவ்வொரு லேபிளுக்கும் நம்பர் உண்டு. ஒன்று வெளியே போய் ஏதாவது மட்டத் துணியில் ஏறினால், ஆர்டரே போய்விடும்.

"லினனுக்கான ஆளிச்செடி எந்த நாட்டுல வேணா விளையலாம். தண்டை ஊறப்போட்டு, நாரெடுத்து, நூலாக்கி, அயர்லாந்துல நெய்ஞ்சாத்தான் இந்த லேபிள். படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லியா?"

ஒவ்வொரு பையாகத் திறந்தார். ராஜாத்தியின் சாப்பாட்டுப் பையில், கருவாட்டுக் குழம்பு டப்பாவுக்கு அடியில், பன்னிரண்டும் பத்திரமாக இருந்தன.

"அடிப்பாவி! சோறு போடற இடத்துலயே கைய வெச்சுட்டியே! எவனுக்கு விக்கறதா இருந்த?"

ராஜாத்தி முதலாளியம்மாவைப் பார்த்தாள். கேசவனைப் பார்த்தாள். முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பத்து நாளாக அவள் புருஷன் கடலிலிருந்து வெறும் வலையோடு திரும்புகிறான். வீட்டில் அடுப்பெரிவதே இவள் சம்பளத்தில்தான். அது கேசவனுக்கும் தெரியும். தெரிந்தும், முப்பது பெண்களுக்கு நடுவில் நிற்க வைத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்.

"நாளைலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடுங்க கேசவன்" என்று முதலாளியம்மா தன் அறைக்குப் போய்விட்டார். கேசவனே அவளை கேட் வரைக்கும் கொண்டுபோனார்.

அங்கே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு, ராஜாத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு துண்டு நூல். அதன் முனையில் கறுப்பாகச் சின்ன உருண்டை.

"இன்னா இது?"

"புதுசா வந்த கட்டுல எனக்குப் பன்னெண்டு துணி குடுத்தீங்களே, அதுல உருவினது சார். தைக்கச் சொல்லோ வழுக்கிச்சு. வலை நூலு முனைய சுடுவோமே, அந்த மாதிரி நேத்து வூட்ல நெருப்புல காட்னேன். உருகி உருண்டை கட்டிக்கிச்சு. லினன்னா சாம்பலாத்தான சார் போவணும்? இதுல போய் எப்டி அந்த லேபிள வெக்கறது?"

"அதுக்குப் பையில ஏன் வெச்ச?"

"லேபிள் தட்டுலயே வுட்டா வேற யாராச்சும் எடுத்து அந்தத் துணில தெச்சுடுவாங்க. காலைலேர்ந்து உங்ககிட்ட தனியா சொல்லலாம்னுதான் பாத்தேன். அம்மா உங்க கூடவே இருந்தாங்க."

கேசவன் முகத்தில் ஈயாடவில்லை. அயர்லாந்து துணிதான் என்று எவனோ ஒரு வியாபாரி சொன்னதை நம்பி, கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அதன் மேல் சீட்டில் 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டவர் அவர்தான். கூசிப்போனார் மனுஷன்.

"வாம்மா, உள்ள போவோம். அம்மாகிட்ட நானே சொல்றேன்."

இரண்டடி வைத்தவர், மனசு கேட்காமல் நின்றார்.

"இத அங்கியே சொல்லியிருந்தா, உன் வேலை போயிருக்காதே?"

"உங்க வேலை போயிருக்குமே சார்."