கடைசிப் புள்ளி

இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வாலிபால் கோப்பை பெனிட்டாவின் கல்லூரிக்கு. அத்தோடு, இருபது வருடமாக ஆடிவந்த இந்த வட்டார விளையாட்டுச் சங்கத்தை விட்டு நகரத்துப் பெரிய சங்கத்துக்குப் போய்விடுவார்கள். விலகுவதென்றால் பத்து லட்சம் கட்டு என்கிறார் சங்கச் செயலாளர். பைசா கிடையாது என்கிறார் கல்லூரி முதல்வர். ஆட்டம் முடிந்ததும் வழக்குத்தான். இருவரும் கோட்டோரம் ஒரே மேசையில், முகம் பாராமல், காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார்கள்.

பந்து எழும்பி வந்தது. பெனிட்டா துள்ளினாள். எதிரே களம் திறந்து கிடந்தது. அடித்தால் இவர்களோடு ஆடும் கடைசி ஆட்டமும் முடிந்துவிடும். ஓங்கிய கையை அடக்கி, பந்தை வலைக்கு மேலே மெல்லத் தள்ளினாள். மூன்று வருடமாக அவளோடு மல்லுக்கட்டிய எதிரணித் தலைவி ரஹ்மத் ஒரு கணம் முறைத்தாள். பிறகு அதேபோல் திருப்பி அனுப்பினாள்.

அதன்பின் யாரும் ஓங்கி அடிக்கவில்லை. பந்து போவதும் வருவதுமாக இருந்தது. கூட்டம் எண்ண ஆரம்பித்தது. நூறு தாண்டியது.

"சட்டுப்புட்டுன்னு முடிங்கம்மா!" செயலாளர் கத்தினார்.

"நீங்க வேணா வந்து முடிங்க சார்," என்றாள் ரஹ்மத், பந்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

நூற்று நாற்பதில் பெனிட்டாவின் கை பிசகியது. பந்து மேசையை நோக்கிப் பறந்தது. செயலாளர் காகிதங்களைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, தரையைத் தொடவிருந்த பந்தை மேலே தட்டிவிட்டார். முதல்வர் எட்டி அதைக் களத்துக்குள் தள்ளினார்.

வெளியாள் கை பட்டால் ஆட்டம் அங்கேயே நிற்க வேண்டும். எல்லோரும் நடுவரைப் பார்த்தார்கள். அவர் வாயிலிருந்த விசிலை எடுத்து, துடைத்து, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.