கண்மாய்க்கரைப் பலகை

நம்பினால் நம்புங்கள், கண்மாய்க்கரையில் புதிதாக நட்ட, 'பறவைகள் சரணாலயம், யாரும் உள்ளே வரக் கூடாது' என்ற அறிவிப்புப் பலகை வாய் திறந்து பேசியது.

"நாரையக்கா, இனிமே கவலையை விடு. ஊர்க்காரங்க ஒருத்தரையும் உள்ளே விடமாட்டேன்."

நாரைக்குப் பகீரென்றது. "அடப்பாவி, கூட்டுல குஞ்சு கிடக்கே. துவைக்கிற பொம்பளைங்க சத்தத்துக்குத்தான் காக்கா கிட்ட வராம இருந்துச்சு. எங்களுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட போடாத சனம்டா அது. அவங்களைக் கேட்டியா?"

"இல்லக்கா."

"என்னையாவது கேட்டியா?"

பலகை தலைகுனியப் பார்த்தது, சிமென்ட் விடவில்லை.

அதற்குள் இரண்டு காகங்கள் கருவேல மரத்தில் இறங்கிக் கூட்டையே பார்த்தன. துணிமூட்டையோடு வந்த பெண்களோ பலகையைப் படித்துவிட்டுத் திரும்பி நடந்தார்கள்.

"அம்மாமாரே, போகாதீங்க" என்று கத்தியது பலகை. "துவைச்ச துணியை என் மேலேயே காயப்போடுங்க. எழுத்து மறைஞ்சிடும்."