கோழிப் பண்ணையில் தூக்க வகுப்பு

கோழிகள் நிறைய முட்டை போடட்டும் என்று அந்தப் பண்ணையில் ராத்திரியெல்லாம் பல்பு எரியும். தூக்கம் கெட்ட கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொண்டன. அதைப் பார்த்த முதலாளி கூரையில் ஒரு ஸ்பீக்கரை மாட்டினார். ஆன்லைனில் தூக்க வகுப்பாம்!

“கண்ணை மூடுங்கள் செல்லங்களே. மூச்சை மெதுவாக விடுங்கள்” என்றது ஸ்பீக்கர்.

“நம்ம மேல எவ்வளவு அக்கறை பாருடி!” என்று உருகியது வெள்ளைக்கோழி.

புள்ளிக்கோழிக்கு நம்பிக்கை வரவில்லை. தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் ஸ்பீக்கரை முறைத்தது.

“ஏம்பா, நாங்க தூங்கணும்னா அந்த பல்பை அணைச்சா போதாதா?”

ஸ்பீக்கர் கொஞ்சம் கரகரத்தது. “அணைக்கலாம். ஆனால் பல்புக்கும் எனக்கும் ஒரே சுவிட்ச்தான்.”

“ஐயையோ, அணைச்சிடாதீங்க!” என்று பதறியது வெள்ளைக்கோழி. “வகுப்பு நின்னுடும்!”